இரவல் நரம்பும் பெரிய ஃபிடிலும்

ஃபிடில் செய்கிறவனுக்கு நெஞ்சு படபடக்கவில்லை என்றால் அவன் ஃபிடில் செய்யவில்லை, முக்காலி செய்கிறான் என்று அர்த்தம். முக்காலி ஆடினால் ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்துவிடலாம். ஃபிடிலின் மேல்பலகையை ஒரு சீவல் கூடுதலாகச் சீவிவிட்டால் எந்த அட்டையும் உதவாது. நாம் தலையில் கைவைத்து உட்கார்வதற்குள் அதன் சொந்தக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

பட்டணத்தில் லஸ் முனைக்குப் பின்னால் ஒரு சந்தில், முன்னால் பட்டறையும் பின்னால் குடித்தனமுமாக இருந்தேன். உங்களில் தையல்காரர், பல் கட்டுகிறவர், கல்யாணப் பந்தல் போடுகிறவர் யாராவது இருந்தால் நான் படும் பாடு சொல்லாமலே புரியும். பிறத்தியாருடைய பிழைப்பைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே உதறல் எடுக்கும்போதே "நாளைக்கு ஆகிவிடும்" என்று சிரித்த முகத்தோடு சொல்லப் பழகியவர்கள் நாம். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் ஒரு செல்லோ செய்யப் போய் நான் பட்டதைக் கேட்டால் உங்கள் வயிற்றெரிச்சல் கொஞ்சம் ஆறலாம்.

பாய்மரத் துணியில் வந்த அளவு

தனிஸ்லாஸ் சாந்தோம் குப்பத்துப் பிள்ளை. அப்பாவும் அண்ணன்மாரும் கட்டுமரம் ஏறுகிறவர்கள். இவன் மட்டும் மாதா கோயில் பாட்டுக் கூட்டத்தில் சேர்ந்து, அங்கே வாத்தியம் பழக்கிய ஒரு வெள்ளைக்காரரிடம் செல்லோ கற்றுக்கொண்டான். செல்லோ என்றால் ஃபிடிலுக்குப் பெரிய அண்ணன். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே நிறுத்தி வாசிப்பார்கள். பட்டணத்தில் அன்று அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் மிகவும் குறைவு. அதனால் அடையாற்றுப் பக்கத்தில் இருந்த ஒரு சினிமா ஸ்டுடியோவின் வாத்தியக் கோஷ்டியில் அவனுக்கு இடம் கிடைத்தது. அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவன்தான்.

சண்டை நெருங்கியதும் வெள்ளைக்காரர் ஊரைக் காலி செய்தார். இரவல் கொடுத்திருந்த செல்லோவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஸ்டுடியோவின் சங்கீத டைரக்டர் இவனைக் கூப்பிட்டு, அடுத்த பாட்டுப் பதிவுக்கு வாத்தியத்தோடு வந்தால் வா, இல்லாவிட்டால் கல்கத்தாவிலிருந்து வாத்தியமும் ஆளுமாக ஒருவரை வரவழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்ட முகத்தோடுதான் தனிஸ்லாஸ் என் பட்டறைக்கு வந்து நின்றான். ஃபிடில் தவிர நான் வேறு எதையும் செய்ததில்லை என்று சொன்னேன். அவன் காதில் வாங்கவில்லை. கையிலிருந்த பழைய பாய்மரத் துணியை உதறித் தரையில் விரித்தான். வெள்ளைக்காரர் எடுத்துப் போகுமுன் அந்தச் செல்லோவைத் துணிமேல் கிடத்தி, கரியால் சுற்றி வரைந்து வைத்திருந்தான். நான் அந்தத் துணியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். எனக்கு வியர்த்துவிட்டது. அவன் மட்டும் ஏதோ மீன் கூடைக்கு அளவு கொடுத்தவன்போல நிதானமாகச் சொன்னான்:

"ஃபிடில நாலு மடங்கு பெருசா செஞ்சா செல்லோ அண்ணே, இதுக்குப் போயி இன்னா யோசனை பண்ணிக்கினு கீற?"

பியானோவின் முதுகு

ஃபிடிலின் முகத்துக்குச் சீமை மரம் வேண்டும். லேசாக, ரேகை நேராக ஓடுகிற மரம். கப்பல் நின்றுபோன காலத்தில் அதற்கு எங்கே போவது? அடையாற்றில் ஒரு துரை வீட்டை ஒழித்தபோது ஏலம் போன பழைய பியானோ ஒன்று கரையானுக்குத் தப்பி என் கைக்கு வந்திருந்தது. அதன் முதுகில் இருந்த தடித்த சட்டங்களைப் பிளந்து, வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டி, மேல்பலகைக்கு ஆக்கினேன். முதுகுக்கும் பக்கங்களுக்கும் வீணைக்குப் போகிற பலா. பலாவை மெல்லிய தகடாக இழைத்து, நனைத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குழாயின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக வளைக்க வேண்டும். ஃபிடிலின் பக்கம் உள்ளங்கை நீளத் துண்டு. செல்லோவின் பக்கமோ என் மேல்துண்டு நீளம். குழாயின்மேல் வைத்து அழுத்தும்போது "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்டால் அவ்வளவுதான், அடுத்த துண்டை இழைக்கப் போகலாம். அந்த "டக்"கைக் கேட்டுக் கேட்டு, வீட்டுக்குள் என் மனைவி கன்னியம்மாள் முருங்கைக்காயை ஒடித்தால்கூட நான் துள்ளி விழ ஆரம்பித்தேன்.

பக்கங்கள் ஒருவழியாக வளைந்து, உடம்பு கூடு கட்டிப் பலகைமேல் கிடந்தபோது நீலகண்டய்யர் வந்தார். வடக்கு மாட வீதிக்காரர், கச்சேரிகளுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறவர். நல்ல வாசிப்பு, அதைவிட நல்ல கோபம். பழுதுபார்க்கக் கொடுத்திருந்த தம்முடைய ஃபிடிலை ஒரு மூலைக்கு ஒதுக்கிவிட்டு நடு இடத்தில் இவ்வளவு பெரியதாக ஏதோ படுத்திருக்கிறதே என்று அவருக்குப் பொறுக்கவில்லை. அதைக் கிட்டத்தில் போய்க் குனிந்து பார்த்தார். விரலால் ஒரு தட்டுத் தட்டினார். தொடாதீர்கள் சாமி, ஒட்டு இன்னும் காயவில்லை என்று நான் கத்தாத குறை. கையை எடுத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்:

"ஏண்டா ஆறுமுகம், இதை மடியில வெச்சுண்டு வாசிக்கப் போறவன் யாரு, பீமசேனனா?"

நீலகண்டய்யரின் சிக்கனம்

சீமைத் தந்தி வருவது குறையக் குறைய, இருக்கிற தந்தியைக் காப்பாற்றுவதில் ஒவ்வொரு வித்துவானும் ஒரு வழி கண்டுபிடித்தார். நீலகண்டய்யர் கண்ட வழி, வாசித்து முடித்ததும் நாலு தந்திகளையும் முழுக்கத் தளர்த்திவிடுவது. இறுக்கமாக இருந்தால்தானே அறும்? யோசனை நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ஃபிடிலுக்கு உள்ளே, மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குச்சி நிற்கிறது. அதை ஒட்டுவதில்லை, ஆணி அடிப்பதில்லை. தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. அது நிற்கிற இடத்தில்தான் வாத்தியத்தின் நாதமே இருக்கிறது. தந்தியை அடியோடு தளர்த்தினால் அது விழுந்துவிடும்.

விழுந்தது. பச்சைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல ஃபிடிலை அங்கவஸ்திரத்தில் சுற்றிக்கொண்டு அய்யர் ஓடி வந்தார். அன்று சாயங்காலம் அவருக்குக் கபாலி கோயில் பக்கத்தில் ஒரு கச்சேரி. ஃபிடிலை அசைத்தால் உள்ளே கடகடவென்று உருண்டது. வளைந்த கம்பியை மேல்பலகையின் துவாரத்துக்குள் விட்டு, அந்தக் குச்சியைக் குத்தி எடுத்து, கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் நிமிர்த்தி வைக்க வேண்டும். ஒரு மயிரிழை தள்ளினால் ஒரு குரல், இந்தப் பக்கம் நகர்ந்தால் வேறு குரல். அய்யர் என் கழுத்துக்கு மேலே மூச்சு விட்டுக்கொண்டு நின்றார். குச்சி நின்றது, சாய்ந்தது, மறுபடி நின்றது, மறுபடி உருண்டது. கம்பியைக் கீழே வைத்துவிட்டு, சாமி, தயவுசெய்து வெளியே போய் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை போலிருக்கிறது, வாசலில் போய் நின்றார். கடைசியில் அது நிலைத்து, அவர் வில்லைப் போட்டு ஒரு நீண்ட இழுப்பு இழுத்து, தம் வாத்தியத்தின் குரல்தான் என்று தெரிந்துகொண்ட பிறகு அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. கூடவே கோபமும் திரும்பியது:

"உசுரே அந்தக் குச்சிலதான் இருக்குன்னு சொல்றே, அதை ரெண்டு ஆணி அடிச்சு வெச்சா கொறைஞ்சா போயிடுவே?"

மூன்று இருக்கிறது, ஒன்று இல்லை

செல்லோ தயாராகிவிட்டது. நானே செய்தேன் என்பதை நானே நம்பவில்லை. பாதி வேலையில் மெழுகு பூசிக்கொண்டே அதோடு பேசுகிறேன் என்று கன்னியம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தாள். பாட்டுப் பதிவுக்கும் நாள் நெருங்கிவிட்டது. அப்போதுதான் தந்திகளைப் பரப்பி வைத்துப் பார்த்தோம். வெள்ளைக்காரர் விட்டுப் போனதும், மாதா கோயில் அலமாரியில் கிடைத்ததுமாக, வேண்டிய நாலில் மூன்று தேறின. மூன்றாவது தந்தி, அதாவது அடியிலிருந்து இரண்டாவதாக வருகிற தடித்த நரம்பு, எங்குமே இல்லை. பதிவாகப் போகிற பாட்டில் செல்லோ தனியாக வருகிற இடம் முழுக்க அந்தத் தந்தியின் மேல்தான் என்று தனிஸ்லாஸ் மெதுவாகச் சொன்னான்.

தூண்டில் கயிற்றில் மெழுகு தேய்த்துக் கட்டிப் பார்த்தோம். மீன் கூடையை மணலில் இழுக்கிற சத்தம் வந்தது. இரும்புக் கம்பி கட்டி இறுக்கினேன். மேல்பலகை முனகுவது காதில் விழுந்ததும் உடனே தளர்த்திவிட்டேன். பியானோவிலிருந்து பிழைத்து வந்த மரம் என் கையாலேயே உடைவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. கடைசியில் இருவருமாக மவுண்ட் ரோட்டுக்கு நடந்தோம். வாத்தியக் கடைகளில் ஏறி இறங்கினோம். எல்லாவற்றிலும் அலமாரி காலி. ஒரு கடைக்காரர் தனிஸ்லாஸின் முகத்தைப் பார்த்து நாற்காலி போட்டு, தண்ணீர்கூடக் கொடுத்தார். ஆனால் அவர் சொன்ன பதில் இதுதான்:

"சண்டை போடறான் பாரு, அவனுக்கே ஒரு கடுதாசி போடு ஆசாரி, தந்தி அவன் ஊர்லேர்ந்துதான் வரணும்."

உஸ்மான் பாயின் வில்

ராயப்பேட்டை வழியாகத் திரும்பினோம். ஒரு சந்து முனையில் "டொய்ங், டொய்ங்" என்று கேட்டது. அது என்ன சத்தம் என்று பட்டணத்தில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. மெத்தைக்குப் பஞ்சு அடிக்கிறவர் ஆள் உயர வில்லைக் கயிற்றில் தொங்கவிட்டு, அதன் நரம்பைப் பஞ்சுக்குள் விட்டுக் கட்டையால் தட்டுவார். நரம்பு அதிரும், பஞ்சு பறந்து பூவாக விழும். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம், அன்றுவரை காதில் விழுந்ததே தவிர மனதில் விழுந்ததில்லை. தனிஸ்லாஸ் நின்றுவிட்டான். நானும் நின்றேன். நடுத்தெருவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்த நரம்பு சரியான பருமன், ஏறக்குறைய சரியான சுருதியும்கூட.

உஸ்மான் பாய் ஒரு கல்யாண வீட்டுக்கு மெத்தை அடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் வில்லைத் தூக்கித் தம் பக்கம் சாத்திக்கொண்டார். அது ஆட்டுக் குடலை உலர்த்தி அவரே முறுக்கிய நரம்பு. இப்போது குடலையெல்லாம் பட்டாளத்துக் கண்ட்ராக்ட்காரன் மொத்தமாக எடுத்துக்கொண்டு போய்விடுகிறான், இது போனால் வேறு நரம்புக்கு வழியில்லை என்றார். விலைக்குத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். எங்களுக்குத் திரும்பிப் போகவும் மனமில்லை, நின்றோம். தனிஸ்லாஸ் தோளில் மாட்டியிருந்த நீளப் பையிலிருந்து, வெள்ளைக்காரர் விட்டுப் போன செல்லோ வில்லை எடுத்து, கேட்காமலே அவருடைய நரம்பின்மேல் வைத்து ஒரு இழுப்பு இழுத்தான். பஞ்சு அடிக்கிற வில்லிலிருந்து, தொண்டை கட்டிய ஒரு மனிதர் பாட ஆரம்பிப்பதுபோல ஒரு குரல் வந்தது. உஸ்மான் பாய் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தார். அதன்பிறகு நிபந்தனைகள் வந்தன. பாட்டுப் பதிவுக்கு ஒரு நாள் இரவல். வெட்டக் கூடாது. தேய்த்து மெலிதாக்கக் கூடாது. நரம்பு போகிற இடத்துக்கெல்லாம் அவரும் வருவார். கல்யாண மெத்தை அன்றைக்கே முடிய வேண்டுமாதலால் பொழுது சாயுமுன் வருகிற அஸர் தொழுகை நேரத்துக்கு நரம்பு அவர் கைக்கு வந்துவிட வேண்டும். அவர் விரலை நீட்டிச் சொன்னது எனக்கு இன்றும் கேட்கிறது:

"என் பொண்ணக் கட்டிக் குடுத்தப்பகூட நான் இவ்ளோ பேசல ஆசாரி, ஆனா இந்த நரம்புதான் எங்க ஊட்டுக் கஞ்சி."

தலைப்பாகை கட்டிய செல்லோ

பதிவு நாள் விடிந்ததும் உஸ்மான் பாய் நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டார். செல்லோவுக்கு வேண்டியதைவிட நரம்பு நீளம். வெட்டக் கூடாதே. கீழ்முனையை முடிந்து, தந்திகளைத் தாங்குகிற குதிரையின்மேல் ஏற்றி, மேலே தந்தியை முறுக்குகிற பிரடையில் சுற்றினேன். மிச்சம் தொங்கியதைச் செல்லோவின் தலையைச் சுற்றிச் சுற்றிக் கட்டிவிட்டேன். செல்லோ தலைப்பாகை கட்டிய மாதிரி நின்றது. புது இழுப்புக்குப் பழகாத நரம்பு இளகிக்கொண்டே இருந்தது. நான் பிரடையை முறுக்குவேன், அது இறங்கும். நான் முறுக்குவேன், உஸ்மான் பாய் தம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போதும் போதும் என்பார்.

இந்த நேரம் பார்த்து நீலகண்டய்யர் வந்தார். நரம்பைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். இது என்ன என்று என்னைக் கேட்டார். பொய் சொல்ல எனக்கு அப்போது நேரமில்லை, ஆட்டுக் குடல் சாமி என்றேன். அவர் ஒரு எட்டுப் பின்னால் போய், மெழுகு பூசக் கொடுத்திருந்த தம் ஃபிடில் எங்கே, கொடு, இனி இந்தப் பட்டறை வாசலை மிதிக்கமாட்டேன் என்று ஆரம்பித்தார். தங்கள் ஃபிடிலில் இத்தனை வருஷமாகப் பேசுவதும் அதுதான் சாமி, பருமன்தான் கொஞ்சம் குறைவு என்றேன். அது எனக்குத் தெரியாதா, ஆனால் அது சீமையிலிருந்து டப்பாவில் வந்தது என்றார். வெளியே ஜட்கா வந்து நின்றுவிட்டது. ஒரு நல்ல வாடிக்கை கையைவிட்டுப் போகிறதே என்ற கவலை ஒரு பக்கம், நேரம் போகிறதே என்ற கவலை ஒரு பக்கம். தனிஸ்லாஸ் செல்லோவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான், உஸ்மான் பாய் அதன் தலையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார். அய்யர் அவர்கள் வெளியேறும்வரை காத்திருந்து, என் காதருகே குனிந்தார்:

"மெல்லிசா ரெண்டு நரம்பு கெடைக்குமான்னு அந்த பாய்கிட்ட நீயே கேளு, நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதே."

விசிறி நின்ற அறை

ஸ்டுடியோவில் வாத்தியக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்தாகிவிட்டது. அப்போது பாட்டையும் ஃபிலிமில்தான் பதிவு செய்வார்கள், அதற்கோ சண்டையினால் கட்டுப்பாடு. பாட்டு, வாத்தியம் எல்லாம் ஒரே மூச்சில் பதிவாக வேண்டும். யாராவது ஒருவர் பிசகினால் ஓடிய ஃபிலிம் குப்பைக்குப் போகும். சங்கீத டைரக்டர் தனிஸ்லாஸைப் பார்க்கவில்லை, செல்லோவின் தலைப்பாகையைத்தான் பார்த்தார். கல்கத்தாக்காரருக்கு இன்னும் கடிதம் போடவில்லை, இன்று சாயங்காலம் போடலாமா வேண்டாமா என்று நீயே முடிவு செய் என்றார். தனிஸ்லாஸின் கைக்குட்டை நனைந்து தொங்கிவிட்டது.

சத்தம் வரும் என்று விசிறிகளை நிறுத்திவிட்டார்கள். அந்தப் புழுக்கத்தில் நரம்பு மறுபடி இளகியது. ஒத்திகையில் அவன் தனியாக வாசிக்கிற இடம் வந்ததும் சுருதி அரை வீசம் கீழே தொங்கியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தனிஸ்லாஸின் நாற்காலிக்குப் பின்னால் நான் மண்டியிட்டு, பதிவு முடியும்வரை பிரடையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். டைரக்டர் சம்மதித்தார். உஸ்மான் பாயை வெளியே போகச் சொன்னார்கள். அவர் போகமாட்டேன் என்றார். நரம்பு இருக்கிற இடத்தில் நானும் என்பதுதான் பேச்சு என்று என்னைக் கை காட்டினார். கதவோரமாக நிற்கட்டும் என்று கடைசியில் விட்டுவிட்டார்கள். டைரக்டர் குச்சியைத் தூக்குமுன் என் தலைக்கு மேலே குனிந்து சொன்னார்:

"தும்மல் வந்தா முழுங்கிடு, இருமல் வந்தா செத்துப்போ, பாட்டு முடியறவரைக்கும் உனக்கு உடம்பே கிடையாது."

ஒரு சொல்

பாட்டு தொடங்கியது. என் கட்டைவிரல் மரத்துப் போயிற்று. மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கின. தனிஸ்லாஸ் அந்த மூன்றாவது தந்தியில் வில்லை வைத்தான். என் முதுகுத்தண்டில் அந்த நாதம் ஏறியது. நான் இழைத்த பலா, நான் ஒட்டிய மரம், ஏதோ ஒரு ஆட்டின் குடல், எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய மனிதர் மனசுவிட்டு அழுவதுபோல இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பயம் மறந்துவிட்டது. அவனும் அப்படி ஒருநாளும் வாசித்ததில்லை.

"வாஹ்" என்றார் உஸ்மான் பாய். வாய்விட்டு, தாராளமாக, நல்ல சங்கீதம் கேட்டால் ஒரு மனிதர் எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படி. எல்லாம் நின்றது. ஓடிய ஃபிலிம் போயிற்று. டைரக்டர் முதலில் பாயைப் பார்த்தார், பிறகு தனிஸ்லாஸைப் பார்த்தார். இன்னும் ஒரு தடவைக்குத்தான் ஃபிலிம் இருக்கிறது, அதற்கும் எல்லாம் சரிபார்க்க நேரம் பிடிக்கும், அதுவும் போனால் உன் வாத்தியத்தையும் உன் ஆட்களையும் எடுத்துக்கொண்டு ஒரேயடியாகப் போய்விடு என்றார். தனிஸ்லாஸ் உஸ்மான் பாயிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற உரிமை அவனுக்கு இல்லை. அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. பேசிய பேச்சுப்படி நரம்பைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். நான் பிரடையிலிருந்து விரலை எடுக்காமலே அவரைப் பார்த்தேன். காலையிலிருந்து அந்த நரம்பை விட்டுக் கண்ணை எடுக்காதவர் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தோள் துண்டை எடுத்து உதறினார்:

"நான் வெளிய போயி தொழுதுக்கறேன், நரம்ப நீ பாத்துக்க ஆசாரி, என் வாய நான் பாத்துக்கறேன்."

கம்பளி

இரண்டாவது தடவை பாதிப் பாட்டில் நரம்பின் ஒரு இழை விடுபட்டுச் சுருண்டு எழும்பியது. என் கண்ணுக்கு எதிரே, தலைப்பாகைக்குக் கீழே. தனிஸ்லாஸுக்கு அது தெரியாது, அவன் கண்ணை மூடியிருந்தான். கையை நீட்டி அவனைத் தொட்டால் பாட்டு போகும். தொடாவிட்டால் நரம்பு போகும், பாயின் கஞ்சியும் போகும். நான் ஒன்றும் செய்யவில்லை. செய்ய ஒன்றும் இல்லை என்பதுதான் நிஜம். கட்டைவிரலை அழுத்திக்கொண்டு முருகா முருகா என்று உதட்டை அசைக்காமல் சொன்னேன். இழை இன்னும் கொஞ்சம் எழும்பி அப்படியே நின்றது. கடைசிச் சுரம் ஓய்ந்து, விசிறிகளைப் போட்ட பிறகும் நான் விரலை எடுக்கவில்லை. ஒரு வாத்தியக்காரர் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

டைரக்டர் உள் அறைக்குப் போய்ச் சவுண்டு இஞ்சினீயரோடு தலையை ஆட்டி ஆட்டிப் பேசினார். கண்ணாடி வழியாகத் தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. தனிஸ்லாஸ் நாற்காலியைவிட்டு எழவே இல்லை. செல்லோவின் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டைரக்டர் வெளியே வந்து அந்த நரம்பை விரலால் ஒரு தட்டுத் தட்டினார்:

"இது மட்டும் கம்பளி போத்திக்கிட்டுப் பாடற மாதிரி இருக்கு, நாளைக்கு அடுத்த பாட்டுக்கும் இதே தந்திதான் வேணும், மாத்திக்கிட்டு வந்து நிக்காதே."

வெள்ளைத் தாடி

ஆனாலும் பேச்சு பேச்சுதான். வெளியே வந்ததும் தனிஸ்லாஸே நரம்பைக் கழற்றி, சுருட்டி, இரண்டு கையாலும் உஸ்மான் பாயிடம் கொடுத்தான். விடுபட்ட இழையையும் காட்டினான். நாளைய பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாய் நரம்பை வாங்கிக்கொண்டு கல்யாண வீட்டுக்கு ஓடினார். ஜட்காவில் நாங்கள் இருவரும் செல்லோவும் திரும்பினோம். அடையாற்றுப் பாலத்தின்மேல் வரும்போது அவன் அழுதான். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு பகல் மட்டும் பாடுவதற்கா இத்தனை பாடு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் ஆத்திரப்படுவது என்றும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் அவன் மூன்று தந்தியோடு புறப்பட இருந்தபோது உஸ்மான் பாய் பட்டறை வாசலில் வந்து நின்றார். தாடி, புருவம், குல்லா எல்லாம் ஒரே பஞ்சு. கையிலிருந்த நரம்பு பூனை வால்போலப் பொசுபொசுவென்று இருந்தது. நாங்கள் யாரும் யோசிக்காத விஷயம் அது. செல்லோ வில்லின் மயிருக்கு நாங்கள் குங்கிலியம் பூசுவோம், பூசினால்தான் அது நரம்பைப் பிடிக்கும். நாள் பூராவும் தேய்த்ததில் குங்கிலியம் நரம்பில் ஏறி ஊறிவிட்டது. அதைப் பஞ்சுக்குள் விட்டுத் தட்டியதும் பஞ்சு பறப்பதற்குப் பதிலாக அதிலேயே போய் ஒட்டிக்கொண்டது. தட்டத் தட்ட ஒட்டியிருக்கிறது. கல்யாண வீட்டார் திட்டியிருக்கிறார்கள். கடைசியில் அதே தொழில் செய்கிற மைத்துனனின் வில்லைக் கெஞ்சி வாங்கி மெத்தையை முடித்திருக்கிறார். சாராயம் போட்டுத் துடைத்துத் தருகிறேன், உட்காருங்கள் என்று நான் எழுந்தேன். அவர் கையை நீட்டித் தடுத்தார். இழை விட்ட நரம்பு எப்படியும் அடிதாங்காது, அது இனி இவன் வில்லால் தேய்க்கத்தான் லாயக்கு, இவனே வைத்துக்கொள்ளட்டும், நீங்கள் இரண்டு பேரும் இன்றைக்கே என்னோடு கசாப்புக் கடைத் தெருவுக்கு வந்து, அந்தக் கண்ட்ராக்ட்காரனிடம் எனக்காக வாதாடி ஒரு குடல் வாங்கித் தர வேண்டும் என்றார். தனிஸ்லாஸ் அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஸ்டுடியோ முடிந்ததும் நேரே வந்துவிடுகிறோம் என்று நான் வாக்குக் கொடுத்தேன். கொடுத்தபடி போனோம், குடலும் கிடைத்தது. அதை முறுக்கி உலர்த்தியது என் பட்டறைக் கொல்லையில்தான். அந்த நாற்றத்துக்குக் கன்னியம்மாள் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தனிஸ்லாஸ் அந்த ஸ்டுடியோவில் வாசித்துக்கொண்டே இருந்தான், கல்கத்தாவுக்குக் கடிதம் போகவே இல்லை. அன்று காலையில் நரம்பை அவனிடம் விட்டுவிட்டுப் படியிறங்கியபோது உஸ்மான் பாய் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்:

"படம் வந்தா காசு குடுத்துத்தான் பாப்பேன், ஆனா அந்த எடம் வர்றப்ப இது என் நரம்புன்னு சத்தமா சொல்லுவேன், எவனும் என்னை உஸ்ஸுன்னு அடக்கக் கூடாது."

மரத்தைப் பாட வைக்கிறவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு, ஆனால் என் வேலையில் முக்கால்வாசி வாயுள்ள மனிதர்களைச் சமாளிப்பதிலேயே போய், மிஞ்சிய கால்வாசி நேரத்தில்தான் மரத்தைத் தொட்டேன் என்பதை உங்களைப் போன்றவர்களிடம்தான் சொல்ல முடியும்.